நீங்க வாசிங்க, நான் கேட்டுக்கிறேன்

செட்டிநாட்டுப் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கப் போகிறவன் ஸ்க்ரூடிரைவரை மட்டும் வண்டியில் மறந்துவிட்டு உள்ளே போகக் கூடாது. கம்ப்யூட்டர் இருக்கிற அறையில் இருந்து வாசலுக்கு வந்து திரும்பிப் போவதற்குள் கொடுத்த காப்பி ஆறிவிடும்.

நான் சொல்வது தொண்ணூறுகளில் நடந்தது. ஷேர் மார்க்கெட் விலையைக் கம்ப்யூட்டரில் பார்க்கிற ஆசை காரைக்குடி வரைக்கும் வந்து சேர்ந்திருந்த காலம். இன்டர்நெட் எல்லாம் கிடையாது. சாயங்காலம் மார்க்கெட் மூடின பிறகு, இங்கே இருக்கிற கம்ப்யூட்டர் மோடம் வழியாக மதுரைக்கு டெலிபோன் போடும். அங்கே இருக்கிற கம்ப்யூட்டர் அன்றைய விலைகளை இதற்குச் சொல்லும். இது வரிசையாக அடுக்கி, கோடு போட்டு, ஏறினதையும் இறங்கினதையும் காட்டும். அந்தப் புரோகிராமை விற்ற மதுரைக் கம்பெனிக்கு இந்தப் பக்கத்து சர்வீஸ் ஆள் நான். மோடம் கத்துவதைக் கேட்டுக்கொண்டு சாமி கும்பிட்டவர்கள், பிளாப்பியை வெளியே எடுத்து ஊதிவிட்டு மறுபடி போட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்கள்.

நான் படித்தது ஏழாம் வகுப்பு. எங்கள் வீட்டில் பத்தர் வேலை, தங்க நகை செய்வது. பற்றவைக்கிற கை என்பதால் நான் ரேடியோவுக்குப் போனேன், ரேடியோவில் இருந்து டிவிக்கு. மச்சினனோடு கூட்டாக ஒரு டிவி கடை. அவனோடு ஒத்துவராமல் வெளியே வந்த வாரத்தில்தான் மதுரை முதலாளி ஆள் தேடிக்கொண்டு வந்தார். முப்பது வயசுதான் இருக்கும், சுறுசுறுப்பான மனுஷன். ஒரு மோடத்தில் விட்டுப்போயிருந்த மயிரிழைக் கம்பி ஒன்றைப் பற்றவைத்துக் காட்டினேன். அசந்துவிட்டார். "இங்கிலீஷ் படிப்பீங்கள்ல?" என்றார். "அதெல்லாம் படிப்பேன்" என்று சொல்லிவிட்டேன்.

எண் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷ் எழுத்தும் ஒவ்வொன்றாகக் காட்டினால் சொல்வேன். நாலு எழுத்து சேர்ந்து நின்றால் எனக்கு அது வெறும் வேலி. இது முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். வேலை போனால் மச்சினன் கடைக்குத்தான் திரும்ப வேண்டும். நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை அவன் வேறு யாருக்கும் கொடுக்காமல், எப்படியும் வருவான் என்று காலியாகவே போட்டு வைத்திருந்தான். அந்தத் தெருவில் போகும்போதெல்லாம் மச்சினன் பார்க்கிறானோ இல்லையோ, அந்த ஸ்டூல் என்னைப் பார்க்கும்.

அதனால் ஒரு வழி வைத்திருந்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலையாகக் கம்ப்யூட்டருக்குப் பின்பக்கம் போய்த் தலையை விட்டுக்கொள்வேன். அங்கே இருந்துகொண்டு, "திரையில என்ன எழுதியிருக்கு? நீங்க வாசிங்க, நான் கேட்டுக்கிறேன்" என்பேன். அவர்கள் வாசிப்பார்கள். காதில் விழுந்தால் எனக்குப் போதும். எந்த வரி வந்தால் என்ன வைத்தியம் என்று மதுரையில் ஒரு மாதம் பக்கத்தில் நின்று கேட்டே மனப்பாடம் பண்ணியிருந்தேன். ஊரில் எனக்கு, வேலை என்று வந்துவிட்டால் தலையைத் தூக்காத ஆள் என்று பேர்.

லைனில் தண்ணீர்

காரைக்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் ஷேர் புரோக்கர் ஆபீஸ். மழை விட்ட மறுநாள் கூப்பிட்டார்கள். போனபோது மூன்று பேர் மோடத்தைச் சுற்றி நின்று திட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் அதை ஏற்கனவே இரண்டு தட்டுத் தட்டியிருந்தார். நான் பின்பக்கம் போய்க் குனிந்துகொண்டு வாசிக்கச் சொன்னேன். "எர்ரர்" என்றார் புரோக்கர். "அதுக்கு மேல?" என்றேன். "அதுக்கு மேலயும் எர்ரர்தான்" என்றார்.

மோடம் பாட்டு உங்களுக்குத் தெரியும். முதலில் "ம்ம்ம்" என்று ஒரு சுருதி; டெலிபோன் லைன் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் நம்பர் போடுகிற சத்தம். அப்புறம் அந்தப் பக்கத்து மோடம் "கீ" என்று எடுக்கும். பிறகு இரண்டும் சேர்ந்து வாய் கொப்பளிக்கும். கடைசியில் சட்டென்று ஓர் அமைதி. அந்த அமைதி விழுந்துவிட்டால் விலை வந்துகொண்டிருக்கிறது, நாம் காப்பி குடிக்கலாம். அன்றைக்குச் சுருதிக்குள்ளேயே ஒரு சலசலப்பு, அப்பளம் பொரிகிற மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டேன். "மாடிப்படி திருப்பத்தில இருக்கிற டெலிபோன் டப்பாவைத் திறங்க" என்றேன். திறந்தால் உள்ளே ஒரு சங்கு மழைத் தண்ணீர். துடைத்துக் காயவைத்ததும் மோடம் கச்சேரியை முடித்து அமைதியானது. மோடத்தைத் தட்டின குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கம்ப்யூட்டருக்கு ஆள் கேட்டா, மதுரையில இருந்து பாட்டு வாத்தியாரை அனுப்பியிருக்காக!"

வெள்ளிக்கிழமை மட்டும்

கண்டரமாணிக்கத்தில் அண்ணன் தம்பி இரண்டு செட்டியார்கள். ஒரே வீடு, இரண்டு பங்கு. கம்ப்யூட்டர் தம்பியுடையது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வரும், ஓடவில்லை என்று. சனிக்கிழமை காலையில் நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய் நிற்பேன். ஓடும். தம்பிக்கு வெட்கமாகப் போய்விடும். பணியாரம் கொடுத்து அனுப்புவார். இப்படி மூன்று வெள்ளி, மூன்று சனி. நாலாவது வாரம் பணியாரம் போனால் போகிறது என்று வெள்ளிக்கிழமையே போய்விட்டேன். பின்பக்கம் குனிந்து, வாசிக்கச் சொன்னேன். தம்பி பி.காம். கணீரென்று வாசித்தார்: "லாக் நாட் ஃபவுண்ட்."

அந்தக் காலத்துப் புரோகிராமோடு தீப்பெட்டி அளவில் ஒரு கட்டை கொடுப்பார்கள். பிரிண்டர் கம்பி சொருகுகிற இடத்தில் அது இருந்தால்தான் புரோகிராம் திறக்கும். யாரும் காப்பி எடுத்துவிடக் கூடாது என்று வைத்த பூட்டு. நான் தலையை விட்டிருந்த இடத்தில் கட்டையைக் காணோம். "கட்டை எங்க?" என்றேன். "பெட்டகத்தில" என்றார். வாங்கின அன்றைக்கு நான்தான் சொல்லியிருந்தேன், புரோகிராமுக்கு உயிரே இதுதான், பத்திரம் என்று. அவர்கள் வீட்டில் பத்திரம் என்றால் அது பொதுப் பெட்டகம். ராத்திரி வைரத்தோடு உள்ளே போய்க் காலையில் வெளியே வரும். பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று தம்பி இடுப்பில், ஒன்று அண்ணன் இடுப்பில். இரண்டும் போட்டால்தான் திறக்கும். அண்ணன் வெள்ளிக்கிழமை தோறும் விடிவதற்குள் கோவிலூருக்குக் கிளம்பிவிடுவார், இடுப்புச் சாவியோடு. "பூட்டு இல்லேன்னா பெட்டி தொறந்துதானே கெடக்கணும்னு நெனச்சேன்" என்றார் பி.காம்.

இனிமேல் கட்டையைக் கழற்றவே வேண்டாம், அது பாட்டுக்குப் பின்னால் இருக்கட்டும் என்று சொன்னேன். தம்பி பெருமூச்சு விட்டார். அது நிம்மதியா, வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. "நானும் அண்ணனும் பேசி மூணு வருஷமாச்சு பத்தரே. இந்தக் கட்டை வந்தப்பறம்தான் தெனம் காலையில 'அண்ணே, சாவி'ங்கிறேன், அவுகளும் 'இந்தா'ங்கிறாக. இப்ப அதையும் நிப்பாட்டிப்புட்டீகளே!"

முகூர்த்தம்

இதில் தப்பு என்னுடையது. காரைக்குடியில் ஒரு மரக்கடைக்காரர். புரோகிராமைப் போட்டுக் கொடுக்கப் போன அன்றைக்கு அஷ்டமி. "இன்னைக்குத் தொடங்க மாட்டேன். மூணு வாரம் கழிச்சு ஒரு முகூர்த்தம் இருக்கு, அன்னைக்கு வாங்க" என்றார். எனக்கோ அன்றே முடித்துவிட்டு வா என்று மதுரை உத்தரவு. கடைக் கணக்குப்பிள்ளை கெட்டிக்காரர். "பெட்டிக்குள்ள ஒரு தேதி ஓடுதுல்ல? அதை முகூர்த்த நாளுக்குத் தள்ளி வச்சுத் தொடங்குங்களேன்" என்றார். எல்லோருக்கும் சரி என்று பட்டது. தள்ளினேன். சூடம் காட்டித் தொடங்கினோம். தேதியைத் திரும்ப இழுத்து வைக்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிரிண்டரில் ஒவ்வொரு நாளும் மூன்று வாரம் தள்ளின தேதி விழுந்துகொண்டிருந்ததை மரக்கடையில் யாரும் தப்பாக எடுக்கவில்லை. புரோகிராம் மார்க்கெட்டுக்கு முன்னால் போகிறது என்று வருகிறவர்களிடம் காட்டிப் பெருமைப்பட்டார்களாம். வருஷ முடிவில் வந்தது வினை. இந்தத் தேதியோடு சந்தா முடிகிறது என்று மதுரையிலேயே உள்ளே எழுதி வைத்திருப்பார்கள். உண்மையான தேதிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே புரோகிராம் கடையைச் சாத்திவிட்டது. கணக்குப்பிள்ளை வாசிக்க வாசிக்க எனக்கு அந்த முகூர்த்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. தேதியை இழுத்து வைத்தேன், திறந்துகொண்டது, நடந்ததை ஒப்புக்கொண்டேன். மரக்கடைக்காரர் கோபப்படவில்லை. "நல்ல நாளை முந்தி எடுத்துக்கிட்டா, வருஷக் கடைசியில வந்து கழிச்சுப்புடுமோ? பஞ்சாங்கத்தைவிடக் கெட்டியான பெட்டியாவுல்ல இருக்கு!"

எலி

இந்த நேரத்தில்தான் முதலாளி என் தலையில் கல்லைப் போட்டார். மதுரையில் இருந்து ஒரு ரிப்போர்ட் புத்தகம் வந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் என்ன பழுது, என்ன காரணம், என்ன செய்தேன் என்று இங்கிலீஷில் எழுதி, வீட்டுக்காரர் கையெழுத்து வாங்கி, மாதக் கடைசியில் அனுப்ப வேண்டும். காதை வைத்துக்கொண்டு ஓட்டிவிட்டேன், கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மச்சினன் கடைப் பக்கம் போனபோது ஸ்டூலுக்குப் புது உறை போட்டிருந்தான். அன்றைக்கே ஒரு யோசனை வந்தது. வாசிக்கிறவர்களே எழுதட்டும்! "என் வேலையைப் பத்தி நானே எழுதினா நல்லாவா இருக்கும்? நீங்க உங்க கையால எழுதிக் கொடுங்க, அதுதான் மதிப்பு" என்று எல்லா வீட்டிலும் நீட்டினேன்.

முதலில் மாட்டினவர் ஆரோக்கியசாமி சார். காரைக்குடியில் ரிட்டயர் ஆன இங்கிலீஷ் வாத்தியார். அவர் வீட்டில் தினமும் விலை பாதி வந்தவுடன் அறுந்துபோகும். ஏழு மணிக்குப் பிறகு எஸ்டிடி கட்டணம் குறையும் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சார் ஏழு அடித்ததும் முன்அறையில் மோடத்தைப் போடுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். கொப்பளிப்பு முடிந்து அமைதி விழுந்தது. சரியாக மூன்று நிமிஷம். "டொக்" என்று ஒரு சத்தம், போச்சு. அந்த டொக் எனக்குத் தெரிந்த டொக். நான் நேராக அடுப்படிக்குப் போனேன். அங்கே சுவரில் இன்னொரு டெலிபோன், அதே லைன். சாரின் வீட்டுக்காரம்மா அதைக் காதில் வைத்தபடி நின்றார். அவரும் கட்டணம் குறைய ஏழு மணி வரைக்கும் பொறுத்திருந்து, திண்டுக்கல்லில் இருக்கிற மகளுக்குப் போன் போட எடுப்பவர். "தெனம் யாரோ உள்ள நின்னு கத்துறாக. சேசுவேன்னு வச்சுட்டு, செபம் சொல்லிட்டு மறுபடி எடுப்பேன்" என்றார்.

அம்மா ஏழரைக்குப் பேசுவது என்று முடிவானது. ரிப்போர்ட் புத்தகத்தை நீட்டினேன். சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பழுது என்ன என்பதை ஒரு பக்கத்துக்கு எழுதினார். காரணம் என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. அடுப்படிப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மிஸஸ்னு எழுதினா மதுரைக்காரன் சிரிப்பான், அவளும் சும்மா விடமாட்டா. எலின்னு எழுதிடுறேன் பத்தரே. எலி வந்து ஏன்னு கேக்காது."

ரெண்டு பேருக்கும் கண்ணாடி இல்லை

கானாடுகாத்தானில் தெய்வானை ஆச்சி. ஆச்சி என்றதும் வயசான அம்மா என்று நினைத்துவிடாதீர்கள்; எங்கள் பக்கம் செட்டியார் வீட்டுப் பெண்களுக்குக் கழுத்தில் தாலி ஏறின அன்றே ஆச்சி. இவருக்கு நாற்பதுகூட இருக்காது. வீட்டுக்காரர் மலேசியாவில். தெரு நீள வீட்டில் ஆச்சியும் சமையல்காரரும்தான். வாசலில் இரட்டைக் கதவு, ஒன்று மட்டும்தான் திறந்திருக்கும். இன்னொன்று கல்யாணத்துக்குத் திறந்தது. நான் ஒற்றைக் கதவு வழியாக நுழைந்து, இரண்டு கட்டுத் தாண்டி, கம்ப்யூட்டருக்குப் பின்னால் போய்க் குனிந்து, வழக்கப்படி சொன்னேன்.

"நீங்க வாசிங்க ஆச்சி, நான் கேட்டுக்கிறேன்."

கொஞ்சம் பொறுத்து, "கண்ணாடி மாடியில இருக்கு. நீங்களே வாசிங்க" என்றார்.

"என் கண்ணாடியும் வண்டியில இருக்கு ஆச்சி."

"அப்ப மூக்கில இருக்கிறது என்ன?"

தொட்டுப் பார்த்தேன். இருந்தது. "இது பற்றவைக்கிறதுக்கு உள்ள கண்ணாடி" என்றேன்.

"பற்றவைக்கிறது தெரியுமாம், எழுத்துத் தெரியாதாம்" என்றவர், சட்டென்று சிரித்துவிட்டார். நான் மெதுவாகத் தலையை வெளியே எடுத்தேன். ஆச்சி முந்திக்கொண்டார். "மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. நான் படிச்சது தமிழ். கம்பெனி எல்லாம் எனக்கு வரிசைக் கணக்குத்தான். மேல இருந்து நாலாவது சிமெண்டு, ஒம்பதாவது டயர். எண்ணை மட்டும் பாத்துக்குவேன். ஞாயித்துக்கிழமை அவுக அங்குட்டு இருந்து போன்ல கேட்டாகன்னா, டக்கு டக்குன்னு சொல்லுவேன். அவுகளுக்கும் தெரியாது. இன்னைக்கு என்னடான்னா வரிசையே இல்லாம மூணு வரி வந்து முழிச்சுக்கிட்டு நிக்குது."

"எனக்கு வரிசையும் தெரியாது ஆச்சி" என்றேன். அத்தனை நாளில் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். சொன்னதும் பசித்தது.

படிக்கத் தெரிந்த ஆள் யாரும் அக்கம்பக்கத்தில் இல்லை. பெட்டியை நிறுத்திவிட்டு மறுபடி போட்டுக் காதை வைத்தேன். போட்டவுடன் உள்ளே இருந்து "கர்ர், டொக், கர்ர்" என்று ஒரு முனகல். பிளாப்பி வாயில் ஏதோ கிடக்கிறது. விரலை வைத்து அமுக்கினேன். ஆச்சியின் கொழுந்தன் ஜாதகம் பார்ப்பதற்காகக் கொண்டுவந்த பிளாப்பி வெளியே வந்தது. கம்ப்யூட்டர் முதலில் அதைத் தின்னப் பார்த்து, முடியாமல் அந்த மூன்று வரியைப் போட்டிருக்கிறது. எடுத்துவிட்டுப் போட்டதும் வரிசை வந்து நின்றது. ஆச்சி திரையில் விரல் வைத்து எண்ணினார். ஒன்று, ரெண்டு, மூணு, நாலு. "சிமெண்டு ஏறியிருக்கு" என்றார்.

ரிப்போர்ட் புத்தகத்துக்குத்தான் வழியில்லை. கடைசியில் ஆச்சியே முத்து முத்தாகத் தமிழில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். வரும்போது ஒற்றைக் கதவு வரைக்கும் கூட வந்தார். "நான் உங்களைச் சொல்லமாட்டேன், நீங்க என்னைச் சொல்லாதீக. அந்தப் பெட்டிக்கும்தான் ஒரு வரி தமிழ் தெரியாது, அதை யாரு வேலைய விட்டு அனுப்புறா?"

இரட்டைக் கதவு

மாதக் கடைசியில் புத்தகம் மதுரைக்குப் போனது. இரண்டு நாளில் முதலாளி போன் போட்டார். "பத்தரே, ஏழு ரிப்போர்ட் இருக்கு. ஏழும் ஏழு கையெழுத்து. ஒண்ணு தமிழ். நாலுல எலி." எலி நல்ல காரணமாக இருக்கிறதே என்று நானேதான் மற்ற வீடுகளிலும் எடுத்துக் கொடுத்திருந்தேன். "உங்க கையெழுத்து ஒண்ணுகூட இல்லையே" என்றார். "நாளைக்கு நானே வர்றேன். கானாடுகாத்தான் போவோம். என் முன்னால பெட்டியைப் போடுங்க. நீங்க வாசிங்க, நான் கேட்டுக்கிறேன்." என் வாக்கியத்தை எந்த வீட்டிலோ கேட்டுவைத்திருக்கிறார். அன்று மச்சினன் கடை வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் எட்டு மணிக்கு ஆச்சிக்குப் போன் போட்டு, முதலாளி வருகிறார் என்று சொன்னேன். "வரட்டும், அதுக்கு ஏன் உங்க குரல் இப்படி இருக்கு?" என்றார். சாயங்காலம் காரில் போய் இறங்கினோம். வாசல் கழுவிக் கோலம் போட்டு ஜோராக இருந்தது. வெள்ளைப் பணியாரமும் காப்பியும் கொடுத்தார்கள். முதலாளி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நான் பழக்கத்தில் பின்பக்கம் நகர்ந்தேன். "பின்னால வேண்டாம், இப்படி முன்னால நில்லுங்க" என்றார். போட்டேன். மோடம் ஒரு டிக் அடித்தது. அவ்வளவுதான். திரையில் ஒரு வரி வந்து நின்றது.

"வாசிங்க" என்றார்.

பார்த்தேன். எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக என்னைத் திருப்பிப் பார்த்தது. ஸ்டூலின் புது உறை பச்சைக் கலர், அது நன்றாக ஞாபகம் வந்தது. அப்போது பின்னால் காப்பி டம்ளரை எடுக்க வந்த ஆச்சி நின்றார். "ஏங்க, வாசிக்கத்தான் நீங்க வந்திருக்கீகளே. சரி பண்ணத்தானே அவுக வந்திருக்காக. ஒரு வேலைக்கு எதுக்கு ரெண்டு பேரு?" குரலில் மரியாதை குறையவில்லை, ஆனால் அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் பேச முடியாது. முதலாளி முகம் சிவந்து, திரும்பி, தானே வாசித்தார். "நோ டயல் டோன்."

வாசித்துவிட்டு, மோடம் போய்விட்டது என்றார். காரில் இருந்து புது மோடத்தை வரவழைத்து மாட்டினார். அதே வரி. கம்பியை மாற்றினார். அதே வரி. டெலிபோனை எடுத்துப் பார்த்தார். செத்துக் கிடந்தது. "எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க" என்றார். "எதுல போட?" என்றார் ஆச்சி. எனக்கு முதல் டிக்கிலேயே தெரிந்திருந்தது. அந்த "ம்ம்ம்" வரவே இல்லை. ஆனால் காலை எட்டு மணிக்கு இதே லைனில்தான் நான் ஆச்சியோடு பேசினேன். "எட்டு மணிக்கு அப்பறம் வீட்டுல என்ன மாத்துனீக ஆச்சி?" என்று கேட்டேன். "ஒண்ணும் மாத்தலையே பத்தரே. முதலாளி வாராகன்னு ரெண்டு கதவையும் தொறந்து வச்சோம்."

நான் வாசலுக்கு நடந்தேன். முதலாளியும் பின்னாலேயே வந்தார். எங்கள் பக்கம் பெரிய மனுஷர் வந்தால் ஒற்றைக் கதவு வழியாக அழைக்கமாட்டார்கள். ஆனால் டெலிபோன் கம்பி இழுக்க வந்த லைன்மேனும் எங்கள் பக்கத்து ஆள்தான். கல்யாணம் இருந்தால்தானே திறக்கப்போகிறார்கள் என்று, சாத்திக் கிடந்த கதவின் மேலேயே ஆணி வைத்துக் கம்பியை அடித்துக்கொண்டு போயிருக்கிறார். ஆச்சி கதவைத் திறந்ததில், கதவு சுழல்கிற குடுமியோரத்தில் கம்பி அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தி, கம்பியைப் பல்லால் உரித்து, முறுக்கி, டேப் சுற்றினேன். உள்ளே ஆச்சி மறுபடி போட்டிருக்க வேண்டும். இரண்டு கட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து லேசாகக் கேட்டது: சுருதி, நம்பர், கீ, கொப்பளிப்பு. அமைதி. "வந்துருச்சு" என்றேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் முதலாளி. சொல்லி முடிப்பதற்குள் உள்ளே இருந்து ஆச்சி, "நாலாவது ஏறியிருக்கு!" என்றார்.

கிளம்பும்போது முதலாளி ரிப்போர்ட் புத்தகத்தை என் பையில் இருந்து அவரே எடுத்தார். என்னைப் பார்த்தார், ஆச்சியைப் பார்த்தார், சட்டைப் பையில் இருந்து தன் பேனாவை எடுத்துத் திறந்தார். பழுது என்ன என்று மளமளவென்று எழுதினார். காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. எங்கே எல்லோருக்கும் நிற்குமோ அங்கேதான். சாத்தின கதவை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "நான் வந்ததுதான் காரணம்னு நானே எப்படிங்க எழுதறது? எலின்னே எழுதிடுறேன். இந்தப் பக்கத்து எலியெல்லாம் யார் யாருன்னு இப்பத்தான் தெரியுது."

ஒற்றைக் கதவு வழியாகக் குனிந்து போய்க் காரில் ஏறினார். அதற்குப் பிறகு என் கையெழுத்தை அவர் கேட்டதே இல்லை, நான் பின்பக்கம் போய்க் குனிவதையும் விட்டதில்லை. அடுத்த மாதம் மச்சினன் அந்த ஸ்டூலில் வேறு ஆளை உட்காரவைத்துவிட்டான்.

அப்புறமும் எத்தனையோ வருஷம் இந்த வேலை பார்த்தேன், கம்ப்யூட்டர் எழுதினதில் ஒரு வரிகூட நான் படித்ததில்லை. என்ன, அதுவும் எனக்கென்று ஒரு வரி எழுதினதில்லை.